காரணத்தையும் எழுதுங்கள்: வீடுகளைத் தரம் பிரிக்க வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊரக வளர்ச்சித் துறை அலுவலர்களுக்கும், வீடு வீடாகக் கணக்கெடுக்க வரும் பணியாளர்களுக்கும், பட்டியலில் கையெழுத்திடும் தனி அலுவலர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் ஒரே குடும்பம் ஒரே நாளில் ஏழையாகவும் இருக்கலாம், ஏழையில்லாததாகவும் இருக்கலாம். ரேசன் அட்டையில் அது முன்னுரிமைக் குடும்பம். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் விலக்கப்பட்ட குடும்பம். ஊர்க்காரர்களே கூடி வீடுகளைத் தரம் பிரித்த மக்கள் நிலை ஆய்வில் நடுத்தரம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போதும். ஒரு வீட்டுக்கு இத்தனை அளவுகோல்கள், இத்தனை தீர்ப்புகள். அந்த வீட்டில் எரிவதென்னவோ ஒரே அடுப்புதான்.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மானாவாரி ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வீடு, சாதிச் சான்று என்று எல்லா மனுவும் என் கைவழியே போகின்றன. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தங்கள் வீட்டை ஏன் நீக்கினார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தாள்கூட எந்த அலுவலகத்திலும் கிடைப்பதில்லை. "தகுதியில்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. எந்தத் தகுதி, யார் சொன்னது, எந்தத் தேதியில் பார்த்தது என்று கேட்டால், கணினியில் அப்படித்தான் வருகிறது என்கிறார்கள். கணினிக்குள் யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் குறி போட்டிருக்கிறார். அந்தக் கட்டம் எது என்று சொல்லுங்கள் என்பதைத்தான் இந்த மடலில் சுற்றிச் சுற்றிக் கேட்கப்போகிறேன்.

கொஞ்சம் பழைய கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ஊரகங்களில் 1992, 1997, 2002 ஆகிய ஆண்டுகளில் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அளவுகோல் மாறியது. 1992இல் வருமானத்தைக் கேட்டார்கள். 1997இல் தொலைக்காட்சி, மின்விசிறி, மோட்டார் சைக்கிள் போன்ற பொருள் வீட்டில் இருந்தால் நீக்கினார்கள். (அந்த அளவுகோல் நீடித்திருந்தால் 2006க்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏழையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். வண்ணத் தொலைக்காட்சியை அரசே வீடு வீடாகக் கொடுத்தது.) 2002இல் 13 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. ஆளுக்கு எத்தனை துணி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. கடன் யாரிடம் வாங்கியிருக்கிறீர்கள் என்பது இன்னொன்று. வெளியூருக்குப் பிழைக்கப் போனது எதற்காக என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

கேள்விகள் அசட்டுத்தனமாக இருந்தன என்பதுகூடப் பெரிய குறையில்லை. ஒரு மாநிலத்தில் எத்தனை ஏழைகள் இருக்கலாம் என்பதைத் திட்டக் குழுவின் மதிப்பீட்டை வைத்து முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள். பிறகு மதிப்பெண்ணை எந்த இடத்தில் வெட்டினால் அந்த எண்ணிக்கை வருமோ அந்த இடத்தில் வெட்டினார்கள். ஊரில் பஞ்சம் வந்தாலும் பட்டியல் நீளக் கூடாது. இடம் இத்தனைதான் என்றான பிறகு, யாருக்குத் தலைவரைத் தெரியுமோ அவர் உள்ளே வந்தார், தெரியாதவர் வெளியே நின்றார். இது எங்கள் ஊரின் தனிப்பெருமை இல்லை, நாடெங்கும் நடந்ததுதான். இந்தக் கணக்கெடுப்பு முறையை ஆராய மத்திய அரசு அமைத்து, 2009இல் அறிக்கை கொடுத்த என்.சி.சக்சேனா குழு இந்த மதிப்பெண் முறையைக் கைவிடச் சொன்னது.

அடுத்து வந்தது 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார மற்றும் சாதிவாரிக் கணக்கெடுப்பு. இந்த முறை மதிப்பெண் இல்லை, மூன்று வாசல்கள். முதல் வாசலில் 14 அடையாளங்கள்: இயந்திர வாகனம், 50,000 ரூபாய்க்கு மேல் உழவர் கடன் அட்டை, அரசு வேலை, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிக்கும் ஒருவர், மூன்று அறைக் காரை வீடு, குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி, இவ்வளவு ஏக்கர் நிலம் என்று. ஒன்று இருந்தாலும் குடும்பம் வெளியே. இரண்டாவது வாசலில் வீடற்றோர், பிச்சையெடுத்து வாழ்வோர், கையால் மலம் அள்ளுவோர், மிகவும் நலிந்த பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள். இவர்கள் கேள்வியின்றி உள்ளே. மிச்சமிருப்பவர்களுக்கு ஏழு வகைக் குறைபாடுகள். எத்தனை குறை இருக்கிறதோ அத்தனை முன்னுரிமை. 2015 ஜூலையில் முடிவு வெளிவந்தபோது, நாட்டின் ஏறத்தாழ 18 கோடி ஊரகக் குடும்பங்களில் 7.05 கோடி முதல் வாசலிலேயே நீக்கப்பட்டிருந்தன. கேள்வியின்றி உள்ளே வந்தவை 16.5 லட்சம். ஏதாவது ஒரு குறைபாடாவது உள்ளவை 8.69 கோடி.

முந்தைய மூன்றையும்விட இது நல்ல முறை. மனு எழுதுகிறவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய அடையாளங்கள் இவை. ஆனால் ஊருக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வருகிற ஊர் எங்களுடையது. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவருக்குப் பழைய மொபெட் இல்லாமல் பிழைப்பு நடக்காது. மண்வெட்டியும் அரிவாளும் எப்படியோ அப்படித்தான் அந்த வண்டியும். அதை வைத்தே அவர் வசதியானவர் என்று 2011இல் எழுதிக்கொண்டார்கள். 2016இல் தொடங்கிய பிரதமர் வீட்டுத் திட்டமும் அதே அடையாளத்தை வைத்துக் கொண்டது. 2024இல்தான் இரு சக்கர வண்டி, மீன்பிடிப் படகு, குளிர்பதனப் பெட்டி, தரைவழித் தொலைபேசி ஆகியவற்றை அந்த விலக்குப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். வருமான வரம்பையும் 10,000இலிருந்து 15,000 ஆக்கினார்கள். சரியான திருத்தம். ஆனால் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் வண்டிக்காக நீக்கப்பட்டவரிடம் போய், இப்போது உங்களுக்குத் தடையில்லை என்று யார் சொன்னார்கள்? அவர் எதற்காக நீக்கப்பட்டார் என்பதே அவருக்குத் தெரியாதே. காரணம் எழுதி ஒரு தாள் கையில் கொடுத்திருந்தால், விதி மாறிய அன்று அவரே வந்து நின்றிருப்பார்.

நிலத்தின் கதை இதைவிடச் சிக்கல். கிணற்றிலோ கண்மாய்க் கரையிலோ ஒரு நீரிறைக்கும் இயந்திரத்தோடு ஏழரை ஏக்கர் இருந்தால் விலக்கு. எங்கள் பக்கம் ஏழரை ஏக்கர் என்பது பெரும்பாலும் தாத்தா பெயரில் கிடக்கும் கூட்டுப் பட்டா. பங்காளிகள் நான்கைந்து பேர். கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல், நிறையாத ஆண்டில் கருவேலம். துருப்பிடித்த ஆயில் என்ஜின் ஒன்று வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். சிட்டாவைப் பார்த்தால் நிலக்கிழார். ஆளைப் பார்த்தால் செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கியவர். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: பட்டா எதுவும் தன் பெயரில் இல்லாமல், வட்டிக்கு விட்டு, தானியம் வாங்கி விற்று, நன்றாகவே இருக்கிற ஒருவர் அதே தெருவில் நிலமற்றவர் என்று பதிவாகியிருப்பார். நாட்டில் நிலமின்றிக் கூலி வேலையை நம்பிய குடும்பங்கள் என்று அந்தக் கணக்கெடுப்பு சொன்ன எண் 5.37 கோடி. அந்த எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. எந்தக் கோட்டின் இரு புறமும் இப்படிச் சிலர் மாறி நிற்பார்கள், அதைத் தெருக்காரர்களால் மட்டும்தான் திருத்த முடியும் என்கிறேன்.

என்னை மிகவும் உறுத்துவது பதினாறு வயது. ஏழு குறைபாடுகளில் ஒன்று, 16 முதல் 59 வயதுக்குள் ஆண் இல்லாத, பெண் தலைமை தாங்கும் குடும்பம். நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். கணவன் இறந்தோ விட்டுவிட்டுப் போயோ பிள்ளைகளோடு நிற்கிற பெண்ணுக்கானது இது. ஆனால் மகனுக்கு 16 முடிந்த அன்று அந்தக் குறைபாடு நீங்கிவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் இருக்கிற பையன் குடும்பத்தைத் தாங்கும் ஆண் ஆகிவிடுகிறான். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைத்தால் குற்றம், பதினெட்டுக்குள் ஆபத்தான தொழிலில் வைத்தால் குற்றம் என்று ஒரு பக்கம் சட்டம் இருக்கிறது. இன்னொரு பக்கம் பதினாறில் அவனைச் சம்பாதிப்பவனாகக் கணக்கு வைக்கிறீர்கள். வீட்டு எண்ணிக்கையில் அவன் பெயரைச் சேர்க்காமல் விட்டால் உதவி வரும் என்று தாய்க்குத் தோன்றாமல் இருக்குமா? குடித்துவிட்டுத் திண்ணையில் கிடக்கிற கணவனும் அதே கணக்கில் ஒரு வயதுவந்த ஆண்தான். அவன் இருப்பதனால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்ட நட்டத்தை எழுத ஏழு குறைபாடுகளில் ஒரு கட்டமும் இல்லை.

முதியவர்கள் நிலையும் இப்படித்தான். கணக்கெடுப்புகளின் வழக்கப்படி ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். மகன் கட்டிய காரை வீட்டின் பின்பக்கத் தகரச் சாய்ப்பில் தனியாகப் பொங்கித் தின்கிற அப்பத்தாவைத் தனிக் குடும்பமாக எழுத வேண்டும். வருகிறவர் வாசலில் நின்று கேட்டால் மகன் என்ன சொல்வான்? "எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம்" என்பான். ஊருக்கு முன்னால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? அப்பத்தாவும் மகனை விட்டுக்கொடுக்க மாட்டார். பின்பக்கம் போய் இரண்டாவது அடுப்பைப் பார்க்கிற கணக்கெடுப்பாளர் ஒருவர் கிடைத்தால் அது அப்பத்தாவின் அதிர்ஷ்டம். கையடக்கக் கணினியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று மேலிருந்து தொலைபேசி வந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். உங்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுவிலிருந்து வந்தவர்கள். சொந்த வேலைக்கு மேல் இந்த வேலை. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பின்பக்கம் போக நேரம் கொடுக்காதவர்களைத்தான் சொல்கிறேன்.

பூட்டிய வீடுகள் தனி. பொங்கல் முடிந்ததும் எங்கள் பக்கத்திலிருந்து சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் மழைக்கு முன்புதான் திரும்புவார்கள். வடமாவட்டங்களில் செங்கல் சூளைகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழிக்கிற இருளர் குடும்பங்களுக்கு இது இன்னும் கொடுமை. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அறிவிக்கப்பட்டவை. 2011 விதிப்படி இவர்கள் கேள்வியின்றி உள்ளே வர வேண்டியவர்கள். அதற்குச் சான்று வேண்டும், சான்றுக்கு நிலையான முகவரி வேண்டும், முகவரிக்கு வீடு வேண்டும். வீடு வேண்டுமென்றால் பட்டியலில் பெயர் வேண்டும்.

பட்டியல் உறைந்து கிடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011இல் எடுத்த கணக்கை வைத்து 2016இல் வீடு, 2018இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு. வீட்டுக்காக 2018இல் ஒரு துணைக் கணக்கெடுப்பு நடந்தது என்றாலும், அடித்தளம் அந்தப் பழைய பட்டியல்தான். இதற்கிடையில் எத்தனை வீடுகளில் எத்தனை நடந்திருக்கும்? எங்கள் ஊரில் ஒரு குடும்பம் விழுவதற்கு மூன்று வழிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்: பெரிய நோய், சம்பாதிக்கிறவர் சாவு, கலியாணக் கடன். முதலாவதே முதன்மையானது. ராஜஸ்தான், குஜராத், ஆந்திரக் கிராமங்களில் பல்லாயிரம் குடும்பங்களின் ஏற்ற இறக்கத்தை ஊர்க்காரர்களிடமே கேட்டு ஆராய்ந்த அனிருத் கிருஷ்ணாவும் இதையே கண்டார். வறுமைக்குள் விழுந்தவர்கள் விழுந்ததற்கு முதல் காரணம் மருத்துவச் செலவு. அவருடைய ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது மற்றொன்று. ஒரே ஊரில் அதே ஆண்டுகளில் சிலர் ஏறிக்கொண்டும் சிலர் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறாமலே உள்ளே இருக்கிற ஆட்கள் மாறிவிட்டார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை பட்டியல் போட்டால், ஏறியவர் உள்ளே இருப்பார், விழுந்தவர் வெளியே இருப்பார். எங்கள் தெருவில் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இனி, தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்துகிற ஒன்று. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளை வைத்து நிதி ஆயோக் போடும் பல்பரிமாண வறுமைக் கணக்கில், 2019-21 தரவுப்படி இந்த மாநிலத்தில் ஏழைகள் 2.2 விழுக்காடு. 2024-25 நிதிநிலை அறிக்கையில் மிகவும் வறிய ஐந்து லட்சம் குடும்பங்களைக் கண்டறிந்து கைதூக்கிவிடத் தாயுமானவர் திட்டம் அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு நாற்பது பேர் ஏழையாக இருந்த காலத்தில் பெரிய கண் சல்லடை போதும்; எப்படிச் சலித்தாலும் ஏழைகள் நிறைய வந்து விழுவார்கள். நூற்றுக்கு இரண்டு என்று ஆன பிறகு அதே சல்லடையில் யாரும் சிக்க மாட்டார்கள். பெயர் சொல்லித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேல் தெருவில் மனநலம் குன்றிய மகனோடு இருக்கும் அம்மா, கீழக் குடியிருப்பில் கை ஊனமான கரிமூட்டக்காரர் என்று ஊருக்குத் தெரிந்த ஆட்கள். கேரளத்தில் அப்படிச் செய்து பார்த்தார்கள். வார்டு அளவில் பெயர்களைத் திரட்டி, வீட்டுக்குப் போய்ப் பார்த்து, கிராம சபையில் வைத்து, 64,006 குடும்பங்கள் அதிவறுமையில் இருக்கின்றன என்று முடிவு செய்தார்கள். 2025 நவம்பர் 1 அன்று அதிவறுமையே இல்லாத மாநிலம் என்று அறிவித்துக்கொண்டதை நான் அப்படியே ஏற்கவில்லை. அங்கேயே பொருளியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக என்ன தேவை என்று எழுதி வைத்த அந்த முறையைப் பழிக்க மாட்டேன்.

நமக்குக் கேரளம் வரை போக வேண்டியதும் இல்லை. 2005இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில் மக்கள் நிலை ஆய்வு நடந்ததே. தரையில் கோலப்பொடியால் தெருக்களை வரைந்து, ஒவ்வொரு வீட்டையும் குறித்து, மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று ஊர்க்காரர்களே பிரித்தார்கள். எது ஏழ்மை என்பதையும் அவர்களையே சொல்லச் சொன்னார்கள். ஆண்டு முழுவதும் கூலிக்குப் போகிறவர், பிள்ளை பார்க்காத கிழவர், நகையே இல்லாத பெண், கடையில் கடன் கொடுக்க மறுக்கிற வீடு: இந்த அடையாளங்கள் டெல்லியிலிருந்து வரவில்லை. 14 அடையாளங்களும் ஏழு குறைபாடுகளும் சேர்ந்து தொடாத இடத்தை "கடைக்காரர் கடன் கொடுக்க மாட்டார்" என்ற ஒன்றே தொட்டுவிடும்.

இந்த முறை எங்கே கெட்டது என்பதும் தெரியும். முதலாவது, ஊர் என்று நீங்கள் கூட்டுவது எந்த ஊர்? கோவில் வாசலில் கூட்டம் போட்டால் காலனிக்காரர்கள் ஓரமாக நிற்பார்கள். பேசுகிறவர் யார், கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பது கூட்டத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். வசதி படைத்த சாதியில் இருக்கிற ஏழைக்கும் அங்கே சங்கடம்தான். கை நீட்டித் தன்னைக் காட்டிக்கொள்ள மாட்டார். இரண்டாவது, ஒருமுறை போட்ட பட்டியல் பிறகு கடனுக்கும் பயிற்சிக்கும் வேலைவாய்ப்பு முகாமுக்கும் சாவியாகிவிட்டது. சாவி என்று தெரிந்ததும் நடுத்தரம் ஏழையாக முயன்றது. அப்பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்த மனுக்களில் எத்தனை நியாயமானவை என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆகவே நான் கேட்பதைச் சொல்கிறேன். அடுத்த பட்டியல் எந்தத் திட்டத்துக்காக இருந்தாலும், ஒவ்வொரு வீட்டின் வகைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். "நீக்கம்: கூட்டுப் பட்டா, 8 ஏக்கர்" என்று எழுதினால் போதும், அது பாகம் பிரியாத நிலம் என்று அவர் சான்றோடு வருவார். "சேர்ப்பு: மாற்றுத் திறனாளி, வேறு உழைப்பவர் இல்லை" என்று எழுதினால், பக்கத்து வீட்டுக்காரர் பொறாமைப்பட்டாலும் வாயடைத்துப்போவார். அந்த வரியின் நகல் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கிராம சபைக்கு முன்பாக ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியாக, அந்தந்தத் தெருவில், வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு சாயங்காலத்தில் வாசிக்க வேண்டும். காலனிப் பட்டியல் காலனியில் வாசிக்கப்படட்டும். கிராம சபைக்கு அதன் பிறகு வரட்டும்.

வாசிப்பது மானக்கேடு என்று சிலர் சொல்வார்கள். 2017இல் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில், மலிவு விலைத் தானியம் வாங்குகிற வீடுகளின் சுவரில் நாங்கள் ஏழைகள் என்று பெயிண்டால் எழுதி வைத்தார்கள். அது மானக்கேடு. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காரணத்தை அந்தத் தெருவிலேயே ஒரு முறை வாசித்துத் திருத்தம் கேட்பது வேறு. சுவரில் எழுதுகிறவர் பதில் கேட்பதில்லை. நோயின் பெயர், கணவன் விட்டுப்போன விவரம் போன்றவற்றை வாசிக்க வேண்டாம். "குடும்பச் சூழல்" என்று வாசித்துவிட்டு, விவரத்தை அந்த வீட்டுத் தாளில் மட்டும் எழுதுங்கள்.

பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து வையுங்கள். சாவு, ஊனம், பெரிய அறுவை சிகிச்சை, கைவிடப்படுதல் ஆகிய நான்கில் ஒன்று நடந்த வீடு அடுத்த கிராம சபையிலேயே பெயர் கொடுக்கலாம் என்று இருக்கட்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. உட்காரக் கூட்டம் இருக்கிறது, பேசப் பொருள்தான் குறைவு. பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்ததை நினைத்துப் பாருங்கள். வாசலில் மறித்து "என் பேர் ஏன் இல்லை" என்று கேட்க ஊரில் ஆள் இல்லாத காலத்தில் காரணம் எழுதிய தாள் இன்னும் அவசியம்.

எண்ணிக்கையை முதலில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடாதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம்கூட ஊரகத்தில் இத்தனை விழுக்காடு என்று உச்சவரம்போடுதான் வந்தது. தமிழ்நாடு அந்தச் சட்டத்துக்குள் 2016 நவம்பரில் சேர்ந்த பிறகும் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி கொடுத்துக்கொண்டிருப்பதால், அட்டையில் முன்னுரிமை என்று இருந்தாலும் முன்னுரிமையற்றது என்று இருந்தாலும் ரேசன் கடை வாசலில் சண்டை இல்லை. 1997இல் மற்ற மாநிலங்கள் ரேசனை ஏழைக்கு மட்டும் என்று குறுக்கியபோது இங்கே குறுக்கவில்லை. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் யார் ஏழை என்று கேட்கவில்லை. வெயிலில் மண் வெட்ட வருகிறவர் வரலாம் என்றது. ஊரில் மிகக் குறைவான மனு இந்த இரண்டுக்கும்தான் வந்திருக்கிறது. பிரிக்காமல் கொடுக்க முடிந்ததைப் பிரிக்காமலே கொடுங்கள். வீடு, உதவித்தொகை போல எல்லோருக்கும் கொடுக்க முடியாததற்கு மட்டும் இந்தத் தலைவலியை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுப்பாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக, 2026இல் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். அதிலும் தொலைக்காட்சி, வண்டி, சமையல் எரிவாயு என்று கேட்பார்கள். சொன்னால் அட்டை போய்விடும், தொகை நின்றுவிடும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் வண்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். 1948ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனியாள் சொல்லும் விவரம் ரகசியம். யாரும் அதைப் பார்க்கக் கேட்க முடியாது, வழக்கில் சாட்சியமாகவும் வைக்க முடியாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு அந்தச் சட்டத்தின் கீழ் வரவில்லை. அதில் சொன்னது திட்டங்களுக்குப் பயன்பட்டது. இரண்டும் ஒரே மாதிரி ஆள் வந்து ஒரே மாதிரி கேள்வி கேட்பதால் மக்களுக்கு வேறுபாடு தெரியாது. கதவைத் தட்டியதும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். எந்தக் கணக்கு, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது. தண்டோரா போட்டாவது சொல்ல வைக்கலாம். ஊராட்சியில் ஒலிபெருக்கி இருக்கிறது.

அடுத்த கிராம சபை அறிவிப்பில் "குடும்ப வகைப்பாடும் காரணங்களும்" என்று ஒரு பொருளைச் சேர்த்து வையுங்கள். பட்டியலின் நகலைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே குடியிருப்புகளில் ஒட்டிவிடுங்கள், பெரிய எழுத்தில். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படிக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் வாசிக்க ஆள் இல்லையென்றால் நான் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதிக் கொடுக்கும் ஒருவன்